சுட்டிக்காட்டியமைக்கு நன்றி

பரங்கிப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்துல் மாலிக் வைத்திருக்கும் கடையில் ஜெராக்ஸ் எடுக்கலாம், பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பார், விமான டிக்கெட் போடுவார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஊர்ச் செய்திக்காக அவர் நடத்திய வலைப்பூ. அடுத்த கடை என்னுடையது, செல்போன் ரிப்பேர். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால்கூட எனக்குக் கேட்கும். அதனால் தெரிந்துதான் சொல்கிறேன், மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர். சில சமயம் அது இன்னும் மோசம்.

இங்கே வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ சவூதியிலோ இருக்கிறார். யார் வீட்டில் நிக்காஹ், யார் வீட்டில் மவுத்து, அதாவது சாவு, என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் மாலிக் எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதினார். ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு மரண அறிவிப்பில் இறந்தவரின் மருமகன் பெயரைத் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், 'நீர் எந்த ஊர்க்காரர்?' என்று திசைக்கொரு பின்னூட்டம். மாலிக் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. 'சுட்டிக்காட்டியமைக்கு நன்றி மச்சான். ஒங்கள மாதிரி ஆளுங்களாலதான் ஊர் ஊரா இருக்கு. லீவுக்கு எப்ப வர்றீங்க?' என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். திட்ட வந்தவன் குளிர்ந்துபோய் டிக்கெட்டையும் அவரிடமே போட்டான்.

அன்றிலிருந்து அறிவிப்புக்கு ஒரு தப்பு, வேண்டுமென்றே. தெருப்பெயர் மாறும், அண்ணன் தம்பியாவான். காலையில் போட்டால் பின்னூட்டம் சேரட்டும் என்று சாயங்காலம் வரை தொடமாட்டார்.

"சரியா எழுதுனா படிச்சிட்டுப் போயிடுவான் மச்சான். தப்பா எழுதுனாத்தான் நின்னு பேசுவான்" என்று என்னிடம் சிரிப்பார். சாவு விஷயத்தில் இந்த விளையாட்டு வேண்டாமே என்றேன். "யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

திருத்துகிறவர்களில் முதல் ஆள் 'ஊர்க்காரன்' என்ற பெயரில் எழுதுபவர். சந்து பொந்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். லீவு எப்போது என்ற கேள்விக்கு மட்டும் அவரிடமிருந்து பதில் வராது.

போன வருஷம் சலீமா பீவி சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் இறந்துபோனார். அந்த அம்மாவுக்கு இரண்டு மகன்கள். இளையவன் தமீம் அன்சாரி வீட்டுப் பாகத்துக்காக அண்ணனோடு முட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவன். தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் வாய்ப்பூட்டு போட்டுவிட்டார். தம்பிதான் ஊரையே மறந்தவனாயிற்றே என்ற நினைப்பில், வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக மாலிக்குக்கு மட்டும் போன் செய்து, லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று சொன்னார். மதியம் ஒன்றரை வாக்கில் முடிந்துவிடும். மாலிக் கடையில் அன்று கூட்டம். வழக்கம்போல் தெருப்பெயரை மாற்றினார். பேச்சு வாக்கில் லுஹர் என்பதற்குப் பதிலாக அஸர் என்றும் அடித்துவிட்டார். அது நாலு மணிவாக்கில் வரும் மாலைத் தொழுகை. இந்தத் தப்பு அவருக்கே தெரியாது.

பின்னூட்டம் வந்து குவிந்தது. "தெருவப் புடிச்சிட்டானுங்க" என்று கையைத் தேய்த்துக்கொண்டாரே தவிர, திறந்து படிக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் தமீம் கடைக்கு வந்தான். கால்சட்டையெல்லாம் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானின் மண்.

"அஸருன்னு போட்டிருந்தீங்களே மாமா."

மாலிக் அப்போதுதான் பின்னூட்டங்களைத் திறந்தார். பாதிக்கு மேல் நேரத்தைப் பற்றித்தான். 'அஸர் இல்ல பாய், லுஹர். ஒடனே மாத்துங்க. யாராச்சும் இத நம்பி வந்துடப்போறாங்க' என்று ஒருவர் காலையிலேயே கெஞ்சியிருந்தார். மாலிக்கின் முகம் செத்துவிட்டது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

"லுஹர்னு தெரிஞ்சிருந்தா கார் புடிச்சிருப்பேன். பின்னூட்டத்தக்கூட பாக்காம, நேரம் இருக்கேன்னு பஸ்ஸுல வந்தேன்" என்றான் தமீம். "தெருப்பேரு தப்பா இருக்கறதப் பாத்தேன். அதுதான் இன்னிக்கி நீங்க உட்ட தப்புன்னு நெனச்சிட்டேன். வேணும்னேதான் உடுறீங்கன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். நாந்தான் மாமா ஊர்க்காரன்."

"தெரிஞ்சுமா திருத்திக்கிட்டு இருந்தீங்க?"

"ஊர்ல எங்கிட்ட பேசுனது நீங்க ஒருத்தர்தானே."

அத்தனை பேருக்கு அத்தனை இனிப்பாகப் பதில் எழுதிய மனிதர் குனிந்து அஸரை அழித்து லுஹர் என்று அடித்தார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"உம்மா மொகம் எப்படி இருந்துச்சு மாமா? கஷ்டப்பட்ட மாதிரி இருந்துச்சா?" என்று தமீம் கேட்டான்.

அவர்கள் வழக்கத்தில் இறந்துபோன பெண்ணின் முகத்தை ஆண்களில் மகன், கூடப்பிறந்தவன் போன்ற நெருங்கிய ரத்த சொந்தத்துக்குத்தான் காட்டுவார்கள். மாலிக் அந்நியர்.

"ஒங்க அண்ணன்தான் பாத்திருப்பாரு. அவரக் கேளுங்க" என்றார் மாலிக், தலையைத் தூக்காமல்.

தமீம் அண்ணன் வீடு இருக்கும் திசையைப் பார்த்தான். பிறகு சென்னை பஸ் பிடிக்க முட்லூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.