காது கேளாத காவல்காரன்

வீட்டில் திருடன் புகுந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. காவலுக்கு ஒரு நாய் கேட்டு நானும் மகளும் நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் போனோம். கைவிடப்பட்ட ராஜபாளையம் நாய்களை மீட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். முறுக்கு மீசை, சட்டையெல்லாம் வெள்ளை ரோமம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பழுதென்று கழித்த பனியன்களை நாய்களுக்கு மாட்டியிருந்தார். பெண் கொடுப்பவர் போல எங்களை விசாரித்தார்.

“ஊட்ல சத்தம் போடறது யாருங்க?”

“எங்கம்மாதாங்க. நாள் பூரா,” என்றாள் மகள்.

“அப்ப மத்ததெல்லாம் மிரளும். இவனைக் கூட்டிட்டுப் போங்க அம்மணி. இவனுக்குப் பொறப்புலயே காது கேக்காதுங்க.”

“திருடன் வந்தா இவனுக்கு எப்படீங்க தெரியும்?” என்றேன்.

“நீங்க தட்டி எழுப்புங்க. அப்புறம் அவன் பாத்துக்குவானுங்க.”

இப்போது அது வாசற்கதவருகே தூங்குகிறது. எழுப்புவதற்காக நானும் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். அந்த மனிதரைத் திட்ட வேண்டுமென்று தினமும் நினைக்கிறேன். அதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.