படுக்க வைத்த பெட்டி

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலில் தெரியாததைத் தெரிந்ததுபோல ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பிறகு அதை நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். என்னைப் போல இதே பாடு படுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உரக்கடையில்

திருமங்கலத்தில் ஓர் உரக்கடைக் கம்ப்யூட்டருக்கு ஹார்டு டிஸ்க் மாற்றிக் கொடுத்தேன். பழையது ஏன் போனது என்று கடைக்காரர் கேட்டார். தூசியாக இருக்கலாம், கரண்டாக இருக்கலாம். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "டிஸ்க் நின்னுக்கிட்டே ஓடுனா சீக்கிரம் தேஞ்சிரும். பெட்டியப் படுக்க வச்சிருங்க" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "நாளெல்லாம் நிக்கிற மாட்டுக்குக் கால் கடுக்குமே, அது மாதிரியாண்ணே?"

டீச்சரின் பாட்டுகள்

அதன்பிறகு போன இடமெல்லாம் இதையே சொன்னேன். திருநகர் ஸ்டெல்லா டீச்சர் மிஷன் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பாடியதையெல்லாம் வருஷாவருஷம் பதிவு செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது.

ஒருநாள் போன் செய்து, பெட்டி லேசாக இரைகிறது என்றார். "படுக்க வச்சிருங்க டீச்சர், வாரேன்" என்றேன். அணைத்துவிட்டு வையுங்கள் என்று சொல்லவில்லை. ஓடுகிற பெட்டியை அவர் அப்படியே சாய்க்க, கை நழுவித் தரையில் இடித்துவிட்டது. நான் போனபோது திரையில் ஒன்றுமில்லை. டீச்சர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னபடிதான தம்பி செஞ்சேன்?"

சேகர் காட்டியது

வண்டியூரில் இருக்கும் என் கடைக்குப் பெட்டியைக் கொண்டுவந்தேன். டிஸ்க்கை எப்படி வைத்தாலும் ஓடும், ஆடாமல் திருகி, ஓடும்போது அசைக்காமல் இருந்தால் போதும் என்று கூட வேலை பார்க்கும் சேகர் எப்போதோ சொன்னதுதான். நான் காதில் வாங்கவில்லை. அவன் பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினான். "அண்ணே, பெட்டி நிக்கிறப்ப உள்ள டிஸ்க் படுத்துத்தான் இருந்திருக்கு. நீங்க பெட்டியப் படுக்கச் சொன்னதும் அது எந்திரிச்சு நின்னுருச்சு."

மூன்று நாள்

எத்தனை வீட்டில் எத்தனை பெட்டியைச் சாய்த்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டே, பாட்டுகளை மீட்டெடுக்க அந்த டிஸ்க்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் படிக்கும், நிற்கும், மறுபடி படிக்கும். மூன்றாம் நாள் இரண்டு பாட்டைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. புது டிஸ்க்கிலும், தனியாக இன்னொரு பிரதியிலும் ஏற்றிக்கொண்டு போய், தப்பு என்னுடையது என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் ஒரு பாட்டைப் போட்டு முழுக்கக் கேட்டு முடித்தார். "போன ரெண்டையும் இப்பப் பள்ளியில இருக்குற பிள்ளைகளப் பாட வச்சுப் பதிஞ்சுக்கிரலாம், தம்பி. அன்னிக்கு நீங்களும் வந்து உக்காருங்க, பெட்டிய யாரும் தொடாமப் பாத்துக்கங்க."

ஹார்டு டிஸ்க் எந்தப் பக்கம் வைத்தாலும் ஓடுகிறது. "தெரியலை" என்ற ஒரு வார்த்தைதான் என் வாயில் ஓட ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.