கூடை இறங்காத காலை

சனீயா, பாலைவன ஓரம் புதிதாய் எழுந்த அக்டோபர் நகரத்துக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு காலையில் நாலாம் மாடி பால்கனியிலிருந்து, ரொட்டி வாங்கும் வழக்கத்தில், கூடையைக் கயிற்றில் இறக்கினாள். கூடை தரையைத் தொட்ட பிறகுதான், கீழே இருப்பது பழைய ஷுப்ரா பேட்டை வீட்டடியில் இருந்த ஹனஃபியின் மளிகைக் கடை இல்லை, வெறும் மணல்தான் என்று நினைவு வந்தது. பதறி மேலே இழுத்தாள். காற்றில் ஆடிய கூடை இரண்டாம் மாடி ஜன்னலில் மோதியது.

"யாருங்க அது? இதென்ன ஷுப்ரா சந்தா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். முகம் வெளியே வரவில்லை. புது வீட்டில் அண்டை அயலார் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கணவர் ரம்சி பிப்ரவரிக் குளிரில் போய்ச் சேர்ந்தார். அதே சமயம் ஷுப்ரா வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார்.

"கணக்கு போட்டுப் பாரும்மா," என்றாள் மகள் மைசா. "அங்க பென்ஷன்ல முக்கால்வாசி வாடகைக்கே போயிடும். இங்க கால்வாசி போதும். மிச்சம் உன் மாத்திரைக்கு ஆகும்ல? நானும் பக்கத்துல இருக்கேன்."

வியாழக்கிழமைவரை பழைய வீட்டுச் சாவி சனீயாவிடம்தான் இருக்கும். திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். அவளும் கணக்குப் போட்டாள். ஷுப்ராவில் ரொட்டி வாசலுக்கு வரும். இங்கே டுக்டுக் ஆட்டோ ஏற வேண்டும். தக்காளி விலை கூட. டாக்டரைப் பார்க்க இரண்டு வண்டி மாற வேண்டும். ஆனாலும் வாடகையைச் சேர்த்து எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஷுப்ராதான் தோற்றது.

ஒன்று மட்டும் கணக்கில் அடங்கவில்லை. ரம்சி போன காலையில் கூடை இறங்கவில்லை. ஹனஃபி கீழிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு மாடியேறி வந்தான். சனீயா ரம்சியின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவன்தான். இங்கே மைசா பக்கத்தில் இருந்தும் வெள்ளிக்கிழமைதான் வருகிறாள். சனிக்கிழமை சனீயா விழுந்து கிடந்தால் யார் வந்து பார்ப்பார்கள்?

வியாழனன்று ஷுப்ரா போனாள்.

"வாங்க அக்டோபர் சீமாட்டி!" என்றான் ஹனஃபி. "அங்க காத்து ரொம்ப சுத்தமாமே. ஒரு பையில புடிச்சுட்டு வந்திருக்கலாமில்ல?"

"காத்து சும்மாதான் கெடைக்குது. ரொட்டிக்குத்தான் வண்டிக்கூலி."

"அப்ப திரும்பி வந்துடுங்க."

"வந்தா மாத்திரைக்கு உன் கடையத்தான் விக்கணும்."

"வித்தாலும் பத்தாது, மைசா அம்மா. பாதிக்கு மேல கடன்ல ஓடுது."

இருவரும் சிரித்தார்கள். அவள் மாடியேறிப் போனாள். வீட்டுக்காரர் காலி அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டாள்.

இறங்கி வந்து கடை முன்னால் நின்றாள்.

"ஹனஃபி, ஒரு உதவி. வெள்ளிக்கிழமை மைசா வந்துடுவா. மத்த நாளெல்லாம் காலைல ரொட்டி வர்ற நேரத்துக்கு உனக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். எடுக்காதே, காசு போகும். அடிக்கலேன்னா மட்டும் மைசாவுக்குப் போன் பண்ணிச் சொல்லு."

தராசைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. "அன்னிக்கு ரம்சி அண்ணன்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "சரி. ஆனா நீங்க பாட்டுக்குத் தூங்கிட்டு என்னைப் பதற வெச்சிடாதீங்க."

வெள்ளிக்கிழமை மைசா பிள்ளைகளோடு வந்தாள், மத்தியானம் சாப்பிட்டாள், போனாள். சனிக்கிழமை விடிந்ததும் சனீயா ஹனஃபியின் எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை மணி அடிக்கவிட்டுத் துண்டித்தாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றாள்.

ஹனஃபியின் எண்ணிலிருந்து அது ஒரே ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

அவள் கூடையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். வெங்காயத்தை அதில் கொட்டி மூலையில் வைத்தாள். அன்று முழுக்க அதன்பிறகு போன் அடிக்கவில்லை.