பன்னிரண்டு தையல்

பரணில் குறட்டை நின்றதும் மதீனா பீவியின் ஊசியும் நின்றுவிடும். மடியில் கிடக்கும் சட்டையை ஒதுக்கிவிட்டு, துணி அளக்கும் கோலால் தலைக்கு மேலிருக்கும் பலகையில் இரண்டு தட்டு. "தம்பி, பொரண்டு படுப்பா!" பலகை முனகும், ஒரு பெருமூச்சு இழுபடும், குறட்டை மறுபடி கிளம்பும். அதன் பிறகுதான் அடுத்த தையல்.

தாராவியில் அவள் வீட்டுப் பரணை வாடகைக்குப் பிடித்துப் பகலெல்லாம் உறங்குகிறவன் சொரிமுத்து. மில் ஸ்டிரைக்கில் வேலை போனபின் தேவ்நாரில் ஒரு குடோனுக்கு இரவுக் காவல். பெண்டாட்டி ஊரில். கீழே மதீனா பீவி கம்பெனிச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். பொத்தான் துளையைச் சுற்றிக் கைத்தையல்.

தொடக்கத்தில் சத்தம் நின்றால் அவளுக்குக் கொண்டாட்டம். "யா அல்லா, லாரி ஆஃப் ஆயிட்டு" என்று ரேடியோவைத் திருகுவாள். ஒருநாள் பேட்டரி தீர்ந்திருந்தது. அன்றுதான் கவனித்தாள்: குறட்டையோடு மூச்சும் நின்றிருந்தது.

சொரிமுத்துவுக்கோ எழுந்தால் தலைவலி. மாத்திரைக்கு அடங்காத பிரஷர். ஆஸ்பத்திரிக்கு அவளும் போனாள். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டார்.

"கட்டையப் போட்டாப்ல தூங்குவேன் சார்."

"தூங்குதவனுக்கு என்ன தெரியும்? பேசாம இரி" என்று குறுக்கே விழுந்தாள் மதீனா பீவி. பிறகு தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்: தைத்தபடியே எண்ணிப் பார்த்ததில், பன்னிரண்டு தையல் போகும்வரை மூச்சு வருவதில்லை. டாக்டர் அவள் பையிலிருந்த சட்டையில் தைத்துக்காட்டச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம் தாண்டியது.

மூச்சு நிற்கிற ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் ஏறி இதயம் அடிவாங்குகிறது, இப்படியே விட்டால் ஆளுக்கே ஆபத்து என்றார். உடம்பைக் குறைக்கணும், குடியை விடணும், ஒருக்களித்துப் படுக்கணும்.

மூன்றும் மதீனா பீவியின் ஆட்சியில் நடந்தேறின.

"அக்கா, சோத்த எண்ணியா போடுதீக?"

"ஒம் பொஞ்சாதிக்கு நாம்லா பதில் சொல்லணும்!"

ஆறு மாதத்தில் பிரஷர் இறங்கியது. தலைவலி போன இடம் தெரியவில்லை. ஆனாலும் அசந்து மல்லாந்துவிட்டால் மூச்சு தடுக்கும். அவள் காது பரணை விட்டு இறங்கவேயில்லை.

போன வாரம் சொரிமுத்துவின் மனைவி சண்முகவடிவு ஊரிலிருந்து வந்தாள். மதீனா பீவி தைப்பதும் பலகையில் தட்டுவதுமாக இருந்ததை மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாயை விரித்தாள். "செத்த கண்ணசருங்க மைனி. இன்னைக்கு நான் கேட்டுக்கிடுதேன்."

"எனக்குப் பகல்ல தூக்கம் வராது தாயி" என்றபடியே மதீனா பீவி சாய்ந்தாள். தலையணை பரணில் இருந்தது. சண்முகவடிவு பெட்டியைத் திறந்து, பம்பாயில் உடுத்தவென்று எடுத்துவந்த கோடிச் சேலையை மடிப்புக் கலையாமல் அவள் தலைக்கடியில் வைத்தாள்.