ஷோல்பன் டாக்டருக்கு வந்த ஆட்டுத்தலை

புருஷன் கையில் நாடி துடிக்கிறது என்று ஒரு பெண் போனில் கதறி அழுததை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் வார்டில்தான் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும். நாடி நின்றால் ஊர் அழும். எங்கள் ஆட்கள் நாடி வந்தால் அழுவார்கள்.

அழுதவள் ஸெய்னெப். கர்கராலி என்ற ஊருக்கு அந்தப் பக்கம் குதிரை மேய்க்கிற தோலேகனின் மனைவி. போனை எடுத்துப் பேசியவர் எங்கள் ஷோல்பன் டாக்டர். மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றவள் நான், ஒரின்குல். கரகண்டா நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் இதய வார்டில் தலைமை நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இந்த வார்டில் வாய் இல்லாமல் வேலை பார்க்க முடியாது.

விஷயம் இதுதான். இதயம் கைவிட்டவர்களுக்கு நெஞ்சுக்குள் சின்ன பம்பு ஒன்றை வைத்துவிடுகிறார்கள். வயிற்றில் ஒரு வயர் வெளியே வரும். இடுப்பில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் பேட்டரி. பம்பு நம் இதயம் போல விட்டுவிட்டு அடிக்காது. ரத்தத்தை ஒரே சீராக ஓட்டிக்கொண்டே இருக்கும். அதனால் மணிக்கட்டைப் பிடித்தால் ஒன்றும் துடிக்காது. நெஞ்சில் காதை வைத்தால் பிரிட்ஜ் ஓடுகிற மாதிரி முனகல் கேட்கும், அவ்வளவுதான்.

டாக்டர் சுரங்கத் தொழிலாளியின் மகள். அவர் வேலைக்கு வந்த காலத்தில் இதயம் வீங்கிப் போனவர்களுக்கு நீர் பிரிய மாத்திரை கொடுத்து, உப்பைக் குறை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதுதான் வைத்தியம். போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்கள். தலைநகரில் பம்பு வைக்கத் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். மாகாணத்தில் பம்போடு வாழ்கிற எல்லோரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். அவர் மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. பம்பு வேலை செய்யும்போது இதயம் ஓய்வெடுக்கிறது. ஓய்வெடுத்த இதயம் ஒரு சிலருக்காவது தேறாதா? தேறினால் பம்பை எடுத்துவிட்டு அவரை முழு மனுஷனாக அனுப்ப முடியாதா?

அதற்குத்தான் அவருடைய ஆராய்ச்சி. மருந்தை முழு அளவுக்கு ஏற்றுவார். ஒவ்வொருவரையும் வரவழைத்து, பம்பின் வேகத்தை மெல்லக் குறைத்து, ஸ்கேன் கருவியைத் தானே பிடித்துக்கொண்டு இதயம் என்ன செய்கிறது என்று பார்ப்பார். ஒன்றும் செய்யாது. வேகத்தை ஏற்றிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். வருஷக்கணக்கில் இதே கதை. பம்பு வைக்கவே வழியைக் காணோம், இந்த அம்மா எடுப்பதற்கு ஆராய்ச்சி பண்ணுகிறார் என்று துறைத் தலைவர் கூட்டத்திலேயே சிரித்தார். சிரித்தவர்களில் இவரிடம் படித்தவர்களும் உண்டு. எனக்கு ரத்தம் கொதித்தது. டாக்டர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் யாரும் கிடையாது. கணவர் அல்மாட்டியில் நல்ல வேலை கிடைத்துப் போனார். டாக்டர் அப்புறம் வருகிறேன் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை குட்டியும் இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் கறித்தட்டு வரும் நேரத்தில் டாக்டரின் போன் அடிக்கும், எழுந்து போய்விடுவார். கூப்பிடுகிறவர்களும் எத்தனை தடவைதான் கூப்பிடுவார்கள்? மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். நௌரூஸ் பண்டிகையன்று பிள்ளைக்காரர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அவரே டூட்டி கேட்டு வாங்குவார். தனியாக இருப்பது பழகிவிட்டது என்பார். சுத்தப் பொய். பழகினவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தோலேகன் வந்து சேர்ந்தது ஒரு குளிர்காலத்தில். காய்ச்சல் வந்து போனதில் இதயம் பழுதாகி, உதடு நீலம் பாரித்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். பம்பு வைத்ததும் பிழைத்தான். ஆனால் குதிரை ஏறக்கூடாது. விழுந்தால், வயர் இழுபட்டால், கதை முடிந்தது. கோடையில் மேய்ச்சல் மலைக்கும் போகக்கூடாது, அங்கே கரண்ட் இல்லை. நடக்கப் பழகும் முன்னே குதிரை ஏறிய ஆள் அவன். தம்பி குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போவதை வேலியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பானாம். அந்த நாட்களில் வீட்டில் யாரோடும் பேச மாட்டானாம். ஸெய்னெப் சொல்லித்தான் தெரியும்.

எங்களிடம் வாயாடிதான். விருந்துகளில் கையை நீட்டி, நாடியைக் கண்டுபிடித்தால் உனக்கு ஓர் ஆடு, பிடிக்காவிட்டால் நீ எனக்கு ஓர் ஆடு என்று பந்தயம் கட்டுவான். ஊர் வைத்திய உதவியாளரே ஓர் ஆட்டைத் தோற்றார். டாக்டர் காது புளிக்கத் திட்டினார். அவன் கேட்டால்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் வந்துவிடும். பெட்டியில் தெரிகிற எண்களைச் சொல்லிவிட்டு, எந்தக் குதிரை குட்டி போட்டது, எவன் எவளைக் கூட்டிக்கொண்டு ஓடினான் என்று ஊர்க்கதை முழுக்க அளப்பான். டாக்டர் அன்று லீவு. ஆனாலும் தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு அந்தப் போனுக்காக உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, குதிரை எப்போ?"

"பேட்டரிய உனக்கு மாட்டுறதா, குதிரைக்கு மாட்டுறதா? போனை வைடா."

இப்படி இருக்கும்போதுதான் குளிர்காலக் கடைசியில் ஸெய்னெப் அழுதுகொண்டு கூப்பிட்டாள். பக்கத்து ஊரிலிருந்து சம்பந்தி முறையில் ஒருவர் வந்திருக்கிறார். இவன் வழக்கம்போல் கையை நீட்டியிருக்கிறான். அவர் பிடித்துப் பார்த்துவிட்டு, இதோ அடிக்கிறதே, ஆட்டை ஓட்டிக்கொண்டு வா என்று நிற்கிறார். ஸெய்னெப் பிடித்துப் பார்த்தால் அவளுக்கும் அடிக்கிறது. சம்பந்திக்கு ஆட்டு நினைப்பு. இவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

"பம்பு நின்னுடுச்சா அக்கா? செத்துருவாரா?"

பம்பு வைத்தவனுக்கு நாடி அடித்தால் இரண்டே அர்த்தம். பம்பு அடைத்துக்கொண்டு ஓட்டம் குறைந்திருந்தால், பழுதான இதயம் அந்தச் சுமையைத் தானே இழுக்கப் பார்க்கிறது, ஆள் சீக்கிரமே போய்விடுவான். இல்லையென்றால் இதயம் தேறிவிட்டது. கொண்டுவரச் சொல்லலாம் என்றால் பனிப்புயல், சாலையை மூடிவிட்டார்கள்.

போனை அவன் நெஞ்சில் வைக்கச் சொன்னார். எங்களிடம் வாயைத் திறக்காதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"முனகல் சீரா இருக்கு. பயப்படாத. ரோடு தெறந்ததும் கூட்டிட்டு வா," என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒருவேளை..." என்றார். எத்தனை பேர் விஷயத்தில் அந்த ஒருவேளையை நம்பி ஏமாந்திருக்கிறார்!

சாலை திறக்கும் வரை அவர் வீட்டுக்கே போகவில்லை. மணிக்கொரு தடவை அவன் நெஞ்சை போனில் கேட்டார். என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் வைத்த ரொட்டி அப்படியே காய்ந்தது.

அவன் வந்து சேர்ந்தான். படுக்க வைத்து பம்பைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். ஸ்கேன் திரையில் அந்த இதயம் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. சைக்கிள் மிதிக்க விட்டுப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். கடைசியில் என் கையை எடுத்து அவன் மணிக்கட்டில் வைத்தார். அடித்தது. நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

பம்பை எடுக்கலாமா என்பதில் துறைத் தலைவர் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தார். தலைநகரத்து சர்ஜன் படங்களைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் எடுத்த பிறகு இதயம் மறுபடி சோர்ந்தால் இன்னொரு பம்பு வைப்பது சுலபமில்லை. டாக்டர் இதை ஒளிக்காமல் தோலேகனிடம் சொன்னார்.

"நீங்க எடுன்னா எடுத்துடலாம் அக்கா."

"நான் சொல்லி நீ செத்துப்போனா?"

"வேலியோரம் நிக்கிறதும் உசுரோட இருக்கிறதுல சேத்தியா?"

எடுத்தார்கள். தாங்கியது. முதல் தடவையாக எங்கள் வார்டிலிருந்து ஒருவன் வயர் இல்லாமல், பேட்டரி இல்லாமல் வெளியே நடந்து போனான். சிரித்தவர்களெல்லாம் வந்து கை குலுக்கினார்கள். டாக்டரை வெளிநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஹோட்டல் ஜன்னல் திறக்கவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் போன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, பிறகு நின்றது. அவன் மேல் தப்பில்லை. சொல்வதற்குப் பெட்டியும் இல்லை, எண்களும் இல்லை. மேய்ச்சல் மலையில் சிக்னலும் கிடையாது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வார்டுக்கு வர ஆரம்பித்தார். லீவு நாளில் இங்கே என்ன வேலை என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன்.

"வீட்ல போன் அடிக்க மாட்டேங்குது ஒரின்குல். நல்லதுதான். அவன் நல்லா இருக்கான்னுதானே அர்த்தம். ஆனா கஷ்டமா இருக்குடி."

கோடையில் அழைப்பு வந்தது. தோலேகன் குதிரை ஏறியதற்கு விருந்து. டாக்டர் புதுத் தலைத்துணி வாங்கினார். இரண்டு பேரும் பஸ் நிலையம் போய், ஏறி உட்கார்ந்தும் விட்டோம். போன் அடித்தது. பம்போடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு ரத்தக்கசிவு. டாக்டர் புதுத் தலைத்துணியோடு இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நானும் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். அந்தப் பெண் பிழைத்தாள். விருந்து போயே போயிற்று.

மறுநாள் மாலை டாக்டர் வீட்டில் இருந்தோம். பஸ் டிரைவர் துணியில் சுற்றிய ஒரு மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வெந்த ஆட்டுத்தலை. விருந்தில் தலை யார் முன்னால் வைக்கப்படுகிறதோ அவர்தான் பெரிய விருந்தாளி. பெண் முன்னால் வைப்பது எங்களில் வழக்கமில்லை. பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, தோலேகன் யாரையும் தொடவிடாமல் துணியில் சுற்றினானாம். சம்பந்தி பந்தயத்தில் ஜெயித்த அதே ஆடு. நீ குதிரை ஏறும்போது அறுக்கலாம் என்று அவர் அதை அங்கேயே விட்டுவைத்திருந்தார்.

"என்னப் பத்தி எதாவது கேட்டானா?" என்றார் டாக்டர்.

பஸ்ஸடிக்கு வந்தவன் குதிரையை விட்டு இறங்கவே இல்லை, தலையைக்கூட மேலே இருந்தபடியே எட்டிக் கொடுத்தான் என்று டிரைவர் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். கண் நிறைந்துவிட்டது.

தலையைப் பெற்றவர்தான் அறுத்துப் பங்கு வைக்க வேண்டும். காது சின்னவர்களுக்கு, சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று. டாக்டர் கத்தியை எடுத்தார், மேசையைச் சுற்றிப் பார்த்தார். நானும் நாலு நாற்காலியும்தான் இருந்தோம். ஒரு காதை அறுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்த வீட்ல நீதான்டி சின்னவ."

பேரன் எடுத்தவள் நான். வாங்கித் தின்றேன். இன்னொரு காதையும் அறுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"யாராவது வருவாங்கல்ல," என்றார்.

தேநீர் குடித்தோம். போன்கூட அடிக்கவில்லை. நான் கிளம்பும்போது அந்தக் காதை எடுத்துத் தின்றுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.