கூவினால் பதில் கூவ வேண்டும்

இந்த மலாய் நாட்டில் வயதுவந்த ஆண்கள் காரணமின்றி ஓடுவார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசித் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்த முதல் சனிக்கிழமையே அதைக் கண்டேன். ஒருவர் முயல், அவர் முன்னால் போய் ரப்பர்க் காட்டில் காகிதத் துண்டுகளைத் தூவுவார், ஏமாற்ற நடுநடுவே பொய்த் தடமும் போடுவார். மற்றவர்கள் அந்தத் தடத்தைத் தேடி ஓடுவார்கள். முடிவில் பீர். நம் ஊரில் இப்படி ஓடினால் பின்னால் காளை வருகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே நானும் ஓடியபோது ஒரு மலாய்ப் பெரியவர் “சியாப்பா கெஜார்?” என்றார். யார் துரத்துகிறார்கள் என்று கேட்கிறார். யாருமில்லை என்றேன். நம்பாமல், ஒளிந்துகொள்ளத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

துரைமார்களைப் பார்த்துக் கிராணிமார்கள் தொடங்கிய கிளப் அது. தடம் பொய் என்று கண்டவர், திரும்புங்கள் என்பதை இங்கிலீஷில் “பேக்!” என்று கூவ வேண்டும். கேட்டவர் எங்கிருந்தாலும் “பேக்!” என்று பதில் கூவித் திரும்ப வேண்டும். கூவாதவர் எல்லார் முன்னும் முழங்காலிட்டு ஒரு குவளை பீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். இந்தச் சட்டங்களைத் தேதியிட்டு நோட்டில் எழுதியவன் நான். அதிகம் முழங்காலிட்டவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் சூசை.

“அலமாக்! மாதா கோயில்லகூட இவ்வளவு முட்டி போட்டதில்ல, கிராணியாரே.”

“வாயத் தொறந்து பதில் சொல்லுங்க. முட்டி தப்பிக்கும்.”

சில மாதங்களில் சூசையே எல்லாரையும் முந்திப் பதில் கூவினார். யோசித்துக் கூவியதில்லை, தும்மலைப் போல வந்தது.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு பீர் இல்லை, தூவக் காகிதமும் இல்லை. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினோம். ஆபீசில் ஜப்பான் கணக்குப்படி ஆண்டு 2603. என் நாட்குறிப்பில் 1943-ஐயும் சேர்த்து எழுதினேன். சயாம் ரயில்பாதைக்கு ஆள்பிடித்த பட்டியலில் சூசையின் பெயர் வந்தது. கைவிட்ட அன்னாசிக் கொட்டகையில் அவர் ஒளிந்தார். அவர் மனைவி ரெஜினாவுக்கும் எனக்கும் மட்டுமே அது தெரியும்.

ஒரு நாள் காலை, ஒளிந்தவர்களைத் தேடிவந்த இரண்டு சிப்பாய்கள் பாதை காட்ட என்னை முன்னால் நடக்கவிட்டார்கள். கொட்டகையை விட்டு விலகிய பாதையில் அழைத்துப் போனேன். பாதி வழியில் அவர்களாகவே கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். நூறு கெஜம்கூட இல்லை. திரும்பி ஓடு என்று அவருக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த கூவல் ஒன்றுதான்.

“பேக்!” என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

கொட்டகைக்குள்ளிருந்து, தெளிவாக, உடனே வந்தது: “பேக்!”

சயாமுக்கு ஏற்ற இழுத்து வந்தபோது சூசை என்னைப் பார்த்தார். “அட, வாய் முந்திக்கிச்சு,” என்றார். அவ்வளவுதான்.

போர் முடிந்தது. சயாமிலிருந்து பிழைத்தவர்கள் ரயிலில் வருகிறார்கள். ரெஜினாவோடு நானும் குளுவாங் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் மறுபடி ஓடுகிறது. ஊருக்கு வரச்சொல்லித் தம்பி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறான்.

“ஏண்ணே, நீங்க ஊருக்குப் போகலியா? எங்களுக்காக எத்தனை நாளு இங்கயே கெடப்பீங்க?” என்கிறாள் ரெஜினா.

அன்று கூவியது யாரென்று அவளுக்குத் தெரியாது. ஊரில் இதை யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. இங்கே இருந்தால் இவளிடம் சொல்லியாகவேண்டும். கப்பல் சீட்டு சட்டைப்பையில் கசங்குகிறது. ரயில் வந்து நிற்கிறது. இறங்குபவர்களின் முகங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்து நிற்கிறேன்.