வலது அடிவயிற்றில் ஜெய்த்தூன்

முதலில் செருப்புதான் சேரவில்லை. காலையில் சின்னமனூர் வாழைக்காய் மண்டிக்குக் கிளம்பும்போது வார் புறங்காலில் அழுந்தியது. வேறு செருப்பு வாங்கினேன். அதுவும் சேராமல் போன பிறகு, என் மனைவி ஜெய்த்தூன் குனிந்து என் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"இது செருப்புல உள்ள கோளாறு இல்லைங்க. வாங்க, தேனிக்குப் போவோம்" என்றாள்.

தேனியில் ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; ரத்தத்தில் இது கூடினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்) எக்கச்சக்கமாக இருந்தது. மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரை மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பல வருடச் சர்க்கரை நோயும், அதை மதிக்காத என் வாயும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் முடித்துவிட்டன. மண்டி வேலையில் நேரத்துக்குச் சோறில்லை என்று நான் காரணம் சொன்னேன். கல்யாண வீடுகளில் நேரத்துக்குச் சாப்பிட்டதை ஜெய்த்தூன் அவரிடம் சொல்லவில்லை.

டயாலிசிஸ் (எந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். கோடையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெய்த்தூன் என் கண்ணெதிரே தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். கொல்லைப்பக்கம் போய்க் குடித்துவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் நல்லது என்றார் மருத்துவர். என் அண்ணனும் தம்பியும் ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நானும் ஆப்பிள்தான் வாங்கியிருப்பேன். ஜெய்த்தூன் தருகிறாள் என்றதும் குடும்பத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

தானம் செய்பவரை மருத்துவமனைக் குழு தனியாக விசாரிக்கும். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"யாராவது வற்புறுத்துனாகளான்னு கேட்டாக. ஆமாங்க, நாந்தான் அவுகள வற்புறுத்துனேன்னு சொன்னேன். அந்தம்மா சிரிச்சிருச்சு."

புதிய சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்கம் வைப்பார்கள். பழையவை கிடந்தபடி கிடக்கும். தையல் ஆறிய பிறகு கைவைத்தால் லேசான புடைப்பு தெரியும். மண்டிப் பிரச்சினையில் நான் போனில் கத்தும்போதெல்லாம் ஜெய்த்தூன் அந்தப் பக்கத்தைச் சுட்டிக் காட்டுவாள். "மெதுவாப் பேசுங்க. என் பொருளு உள்ள இருக்கு. பதனமா வச்சுக்கங்க."

அந்த வருடங்கள் எங்கள் தாம்பத்தியத்திலேயே நல்ல வருடங்கள். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. மருந்துக்காக மதுரை போகும் பேருந்தில் ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்வரை அவள் தூங்குவாள், பிறகு ஊர்க்கதை. அவள் இல்லாமல் நான் ஒரு பரிசோதனைக்கும் போனதில்லை. இதை நான் பெருமையாக வெளியே சொல்லித் திரிந்தேன்.

இதே வழியில் போகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மருத்துவர் என் ரத்தம், என் அழுத்தம், என் சர்க்கரை எல்லாம் பார்ப்பார். கடைசியில், "தானம் கொடுத்தவங்க எப்படி இருக்காங்க?" என்பார். ஜெய்த்தூன் என் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். நான்தான் பதில் சொல்வேன். "நல்லா இருக்கா சார்." வருடத்துக்கு ஒருமுறை அவளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். முதல் வருடம் செய்தோம், அதோடு விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு ஒருமுறை அவர் நேராக அவளிடமே கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதும் நான்தான் சொன்னேன். எங்கள் வீடுகளில் மனைவிக்காகக் கணவன் பேசுவது மரியாதை. அந்த மரியாதையைத்தான் நான் செய்தேன்.

ஒரு பிற்பகல், துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாள். தைலம் எடுக்கப் போனேன். வருவதற்குள் மடித்த துணிமேலேயே வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டாள். தேனியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். "பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று அங்கிருந்த இளம் மருத்துவர் கேட்டார். அவளுக்கு ரத்த அழுத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஒற்றைச் சிறுநீரகம்தான் காரணமா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. இல்லைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். அந்த நேர்மையைத் தாங்கத்தான் எனக்குத் தெம்பில்லை. சில நாட்களில் ஜெய்த்தூன் இறந்துபோனாள்.

உத்தமபாளையம் வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்கள் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தினார்கள். முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவள் நெற்றியில் கைவைக்கப் போனேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாருங்க பாய், நல்லாப் பாருங்க. தொட வேணாம். மவுத்தோட நிக்காஹ் முடிஞ்சுபோச்சு."

மனைவி இறந்ததோடு மண உறவு முடிந்துவிடும், பிறகு கணவன் அவளைத் தொடக் கூடாது; எங்கள் மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) அதுதான் சட்டம். எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ வீடுகளில் அழுகிற ஆண்களை நானே தோளைப் பிடித்து நகர்த்தியிருக்கிறேன். கையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கை தானாக என் வலது அடிவயிற்றுக்குப் போனது. புடைப்பு கதகதப்பாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் நடுவில் அவளிடமிருந்து எடுத்ததை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அதன் பிறகு மாத்திரைகள் தவறத் தொடங்கின. மாற்று உறுப்பு வைத்தவர்கள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும். நான் மறந்துவிட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அப்படிச் சொல்லிக்கொள்வதும் நின்றது. அவளைச் சாகவிட்டவனுக்கு அவளுடைய சிறுநீரகம் எதற்கு என்று தோன்றியது.

கம்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் சமீமா ஒரு வெள்ளிக்கிழமை வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அன்றே மதுரைக்குக் கூட்டிப் போனாள். நிராகரிப்பு (உடல், மாற்று உறுப்பை அந்நியமாக நினைத்துத் தாக்குவது) தொடங்கியிருந்தது.

"மாத்திரை விட்டீங்களா?" என்றார் மருத்துவர்.

"மறதி சார்."

"மறதி இல்ல சார். அத்தா வேணும்னே விட்டாக" என்றாள் சமீமா.

அவர் எழுதத் தொடங்கினார். வெளியே தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் உடைந்துபோனாள். "அம்மாவ மண்ணுல வச்சுட்டு வந்தீக. நான் ஒண்ணும் கேக்கல. மிச்சம் இருக்கறது உங்க வயித்துலதான இருக்கு? அதையும் கொண்டுபோய் வைக்கணும்னு பாக்குறீகளா? அது உங்களுது இல்லத்தா. எங்கம்மாவோடது."

தாழ்வாரம் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் சத்தம் போட்டு அழுதோம்.

ஊசிகள் போட்டுத் தாக்குதலை அடக்கினார்கள். போன பலம் முழுக்கத் திரும்பவில்லை, ஆனால் சிறுநீரகம் வேலை செய்கிறது. எத்தனை நாள் ஓடும் என்று மருத்துவர் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. குற்ற உணர்ச்சி போய்விடும் என்று உங்களில் யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்குப் போகவில்லை. உங்களுக்குத் தானம் கொடுத்தவரை அழைத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் அவருக்கென்று தனிச் சீட்டு எடுங்கள். மருத்துவர் கேட்கும்போது தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.

மாத்திரைகளை இப்போது நேரம் தவறாமல் சாப்பிடுகிறேன். எனக்காகச் சாப்பிட்டால் தொண்டையில் நிற்கிறது. அவளுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் இறங்கிவிடுகிறது. என் உடம்பை நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீடாகத்தான் பார்க்கிறேன். சொந்தக்காரி உள்ளறையில் இருக்கிறாள்.

ஜெய்த்தூன் போகும்போது ஐம்பத்தாறு. என் வலது அடிவயிற்றில் இருப்பதற்கு இந்த ரம்ஜானோடு அறுபது ஆகிறது. அவள் கிழவியாவதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று அழுதிருக்கிறேன். இப்போது ஒரு கை அகலத்தில், எனக்குள்ளே, அவள் கிழவியாகிக்கொண்டிருக்கிறாள்.